100 கம்பத்துக் கோழி, 5,000 வெள்ளி முதல்: சுங்கை பாக்காப்பில் எப்படித் தொடங்குவது?

பாக்காப்_மலர்
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் சுங்கை பாக்காப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 40க்கு 60 அடி சொந்த நிலம் சும்மா கிடக்கிறது. அடுத்த வீடு 80 மீட்டர் தள்ளி. கையில் 5,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்ய ஆசை. பிராய்லரா, கம்பத்துக் கோழி எனும் நாட்டுக்கோழியா? 500 குஞ்சு எடுக்கலாமா? கொட்டகை எந்த அளவு? சாமான், அளவு, செலவு எல்லாம் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

ஜாவி_கொட்டகை
வணக்கம் தங்கச்சி. பிராய்லரை இப்போதே விட்டுவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் குஞ்சு, தீவனம், மருந்து, அறுப்பு எல்லாவற்றையும் தங்கள் கையிலேயே வைத்து, குளிரூட்டிய மூடிய கொட்டகையில் 35 நாளில் 2 கிலோ எடுக்கிறார்கள். ஒரு கிலோ இறைச்சிக்கு அவர்களுக்கு 1.6, 1.7 கிலோ தீவனம் போதும். திறந்த கொட்டகையில் 500 வளர்ப்பவர் அந்த விலைக்கு விற்கவே முடியாது. 2023 நவம்பர் 1இல் கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் எடுக்கப்பட்ட பிறகு சந்தை விலை ஏறும், இறங்கும். அந்த ஆட்டத்தைத் தாங்கும் பணபலம் நமக்கு இல்லை.

கம்பத்துக் கோழியிலும் இரண்டு வகை. அசல் கம்பத்துக் கோழி விற்பனை எடைக்கு வர நாலு, ஐந்து மாதம் பிடிக்கும். பொரிப்பகங்கள் கொடுக்கும் கலப்பினக் குஞ்சு 70 முதல் 80 நாளில் 1.5, 1.6 கிலோ வரும். தொழில் என்றால் இரண்டாவதுதான். 500 வேண்டாம், 100இல் தொடங்குங்கள். பொரிப்பகத்தில் ஒரு பெட்டி 100 குஞ்சு என்பதால் அதுவே வசதியான அளவும்கூட.

கொட்டகைக்கு ஒரு கோழிக்கு 2 சதுர அடி. ஆக 10க்கு 20 அடி போதும். வெளியே மேய ஒரு கோழிக்கு 10 சதுர அடி, மொத்தம் 1,000 சதுர அடி. அதை நடுவில் வேலி போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் மேயும்போது மறுபக்கம் காயட்டும், புல் முளைக்கட்டும். உங்கள் நிலத்தில் இதெல்லாம் அடங்கியும் இடம் மிஞ்சும்.

நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், அப்போதுதான் காலை, மாலை வெயில் உள்ளே பாயாது. துத்தநாகக் கூரை போட்டால் அடியில் அலுமினியத் தாள் கட்டுங்கள். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி 3 அடி வெளியே நீளட்டும். இங்கே மழை நேராகப் பெய்வதில்லை, காற்றோடு சாய்ந்து அடிக்கும். தரை உமி நனைந்தால் பிறகு எல்லா நோயும் அங்கிருந்துதான். பக்கத் தார்ப்பாய் அடியில் கட்டப்பட்டு மேலிருந்து கீழே திறக்கும்படி இருக்கட்டும். பலர் இதைத் தலைகீழாகக் கட்டுகிறார்கள். கீழே திறந்தால் குளிர்காற்று குஞ்சு மேலேயே அடிக்கும், மேலே தேங்கும் அம்மோனியா வெளியேறாது.

கம்பி வலையில் மட்டும் காசு பார்க்காதீர்கள். அறுகோண மெல்லிய கோழி வலையை நாயும் மூசாங் எனும் மரநாயும் கிழித்துவிடும். தரையிலிருந்து 3 அடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலை போட்டு, ஓர் அடியை மண்ணுக்குள் புதையுங்கள். மலைப்பாம்பு வந்தால் அடிக்க வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. 999க்கு அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துப் போவார்கள்.

பாக்காப்_மலர்
நன்றி அண்ணே. உரிமம் ஏதாவது வேண்டுமா? 100 கோழிக்கும் கேட்பார்களா?

பிறை_வரவுசெலவு
எண்ணிக்கை எவ்வளவானாலும் குஞ்சு வாங்குவதற்கு முன்னால் கால்நடை சேவைத் துறையின் செபராங் பிறை அலுவலகத்துக்கு நேரில் போய், நிலத்தின் கிரானையும் (நிலப் பட்டா) கொட்டகை வரைபடத்தையும் காட்டிக் கேளுங்கள். வணிகக் கோழிப்பண்ணைக்கு மாநிலச் சட்டப்படி உரிமம் கொடுப்பது அவர்கள்தான். கிரானில் நிலம் வீட்டுக்கா விவசாயத்துக்கா என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், பாதிப் பேருக்குச் சிக்கல் அங்கேதான். செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு என்றால் முயற்சி செய்யவே வேண்டாம், முதல் புகாரிலேயே மூட வேண்டி வரும்.

எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிவது எளிது. சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. பிறகு இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் ஸ்பூமி கடனுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பதிவும் வங்கிக் கணக்கு வரவு செலவும் கேட்பார்கள். அதனால் முதல் தொகுதியிலிருந்தே எழுதி வையுங்கள். கடன் மட்டும் இப்போது எடுக்காதீர்கள். ஒரு தொகுதியாவது முடித்து, எத்தனை குஞ்சு சாகும், எவ்வளவு தீவனம் போகும் என்பது உங்கள் கையாலேயே தெரிந்த பிறகு எடுங்கள்.

உமித்தரை
குஞ்சு வரும் நாள் பற்றி நான் எழுதுகிறேன். முதல் 14 நாள்தான் எல்லாம்.

இரண்டு அடி உயர அட்டையோ தகரமோ எடுத்து வட்டமாகக் கட்டுங்கள். 100 குஞ்சுக்கு ஒன்றரை மீட்டர் குறுக்களவு. சதுரமாக வைத்தால் குளிரில் மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் உள்ளது மூச்சடைத்துச் சாகும். தரையில் 5 முதல் 8 சென்டிமீட்டர் உமி. நம் பக்கம் நெல் ஆலைகள் இருப்பதால் உமி எளிதில் கிடைக்கும். காய்ந்ததாக, பூசணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். வழுவழுப்பான செய்தித்தாளை விரிக்காதீர்கள், குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துபோய் எழுந்திருக்கவே முடியாமல் ஆகிவிடும்.

சூட்டுக்குப் பழைய குண்டு பல்பு, 100 வாட் ஒன்று, இல்லாவிட்டால் 60 வாட் இரண்டு. எல்இடி விளக்கு வெளிச்சம் மட்டும் தரும், சூடு தராது. தரைமட்டத்தில் முதல் வாரம் 32 முதல் 34 பாகை, பிறகு வாரத்துக்கு 2, 3 பாகை குறைத்துக்கொண்டே வாருங்கள். பினாங்கில் பகலில் 32 பாகை தானாகவே இருக்கும், அதனால் பகலில் பல்பை அணைத்துவிட்டு இரவிலும் மழையிலும் போட்டால் போதும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். வட்டத்தின் ஓரத்தில் சிறகை விரித்து வாயைத் திறந்து கிடந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று நேராக அடிக்கிறது என்று அர்த்தம்.

குஞ்சு வருவதற்கு 3 மணி நேரம் முன்னே விளக்கைப் போட்டு உமியைச் சூடாக்குங்கள். வந்ததும் முதலில் தண்ணீர், அதில் வைட்டமின். நாலைந்து குஞ்சின் அலகை நீரில் தொட்டு விட்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். 4 லிட்டர் தண்ணீர்க் குவளை இரண்டு. தீவனத்தை முதல் மூன்று நாள் தட்டையான தட்டில் கொடுங்கள்.

இரைப்பையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை விடாதீர்கள். விட்ட 8 மணி நேரத்தில் 10 குஞ்சைப் பிடித்துக் கழுத்தடியில் தடவினால் 8 குஞ்சுக்காவது மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். மறுநாள் இதே நேரத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். கெட்டியாக இருந்தால் தீவனம் மட்டும் தின்றிருக்கிறது, தண்ணீர் எட்டவில்லை. காலியாக இருந்தால் சூடோ வெளிச்சமோ சரியில்லை. முதல் நாள் தின்னாத குஞ்சு நாலாம், ஐந்தாம் நாள்தான் சாகும். அப்போது நோய் என்று நினைத்து மருந்து வாங்கப் போவார்கள்.

வாங்கும்போது தொப்புள் மூடியிருக்கிறதா, கால் சூடாக இருக்கிறதா பாருங்கள். மாரெக் எனும் கோழி நோய்க்கான தடுப்பூசி பொரிப்பகத்திலேயே போட்டதா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மருந்துக்குடுவை
தடுப்பூசி வரிசை இது. 5 முதல் 7 நாளில் வெள்ளைக் கழிச்சலுக்கு, மலாயில் சம்பார் ஆயாம், கண்ணில் ஒரு சொட்டு. 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கு. 21 முதல் 28 நாளுக்குள் வெள்ளைக் கழிச்சலுக்கு மறு தவணை. கொசு அதிகமுள்ள இடம் என்றால் 5ஆவது வாரத்தில் அம்மைக்குச் சிறகு மடிப்பில் குத்த வேண்டும். அம்மையைப் பெரும்பாலும் பரப்புவது கொசுதான்.

தண்ணீரில் கலந்து கொடுப்பவர்கள் தோற்பது இரண்டு இடத்தில். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது தடுப்பூசியின் உயிரைக் கொன்றுவிடும். முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்து, கலக்கும் முன் லிட்டருக்கு 2 கிராம் கொழுப்பில்லாத பால்மாவு போடுங்கள். அடுத்தது, தாகம் இல்லாத கோழி குடிக்காது. காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீரை எடுத்துவிட்டுப் பிறகு வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முழுதும் குடித்து முடிக்கும் அளவு மட்டும். உலோகப் பாத்திரம் கூடாது. குப்பியை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து 2 முதல் 8 பாகையில் வையுங்கள்.

குப்பி பெரும்பாலும் 500, 1,000 டோஸ். 100 கோழிக்கு மீதியை எறியத்தான் வேண்டும். திறந்ததை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பது வீண். பக்கத்தில் வளர்ப்பவர்களோடு ஒரே நாளில் போட ஏற்பாடு செய்து செலவைப் பகிரலாம், ஆனால் ஒருவர் கொட்டகைச் செருப்போடு இன்னொருவர் கொட்டகைக்குள் போகக் கூடாது. கம்பத்துக் கோழிக்கென்றே வெப்பம் தாங்கும் வி4 வகைத் தடுப்பூசியை 1980களில் நம் நாட்டிலேயே, இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து உருவாக்கினார்கள். கால்நடைத் துறையில் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது முதல் ஆறாவது வாரம் வரை இரத்தக் கழிச்சலைக் கவனியுங்கள். சிறகு தொங்கும், எச்சத்தில் சிவப்பு தெரியும். தரை ஈரம்தான் மூல காரணம். கையில் உமியை அள்ளிப் பிழியுங்கள்: உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உடனே கிளறிக் காய்ந்த உமி சேருங்கள். மருந்து அம்புரோலியம், தண்ணீரில், பொட்டலத்தில் உள்ள அளவுப்படி 5 நாள். எந்த மருந்தானாலும் விற்பதற்கு முன் நிறுத்த வேண்டிய நாள் கணக்கு உறையில் இருக்கும், அதை மதித்தே ஆக வேண்டும்.

ஒரே நாளில் காரணம் தெரியாமல் பல கோழி செத்தால் விற்காதீர்கள், அறுக்காதீர்கள், ஆற்றில் எறியாதீர்கள். கால்நடைத் துறைக்கு அன்றே சொல்லுங்கள். அறிவிக்க வேண்டிய நோயை மறைப்பது 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டப்படி குற்றம். 2004இலும் 2017இலும் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தது இப்படிச் சிறு வளர்ப்புக் கோழிகளில்தான்.

தீனிமூட்டை
தீவனச் செலவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மொத்தச் செலவில் 70 விழுக்காடு இதுதான். சாப்பாட்டுக் கடை மிச்சம், தவ்ஹு (சோயாக் கட்டி) சக்கை, தவிடு கலந்து போட்டால் பாதியாகக் குறைக்கலாம் மலர் அக்கா. மூட்டைத் தீவனத்தை மட்டும் நம்பினால் கையில் ஒன்றும் நிற்காது.

உமித்தரை
பாதி என்பதை நான் ஏற்கவில்லை தம்பி. தவ்ஹு சக்கையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 5 கிலோ அள்ளிப் போட்டால் 1 கிலோதான் தீனி. கோழியின் இரைப்பை நிறைந்துவிடும், சத்து போயிருக்காது, 75 நாளில் வர வேண்டிய எடை 100 நாளில் வரும். அந்தக் கூடுதல் 25 நாளில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். இந்த வெயிலில் சக்கை ஒரே நாளில் புளித்துப் பூசணம் பிடிக்கும்.

கடை மிச்சத்தில் உப்பு. கறி, சம்பால் கலந்த சோறு தின்ற கோழி அதிகம் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீராகப் போகும், தரை நனையும், மேலே சொன்ன இரத்தக் கழிச்சல் வரும். ஈயும் மொய்க்கும், அக்கம்பக்கத்தார் மன்றத்துக்குப் போவார்கள்.

தீனிமூட்டை
உப்பு விஷயம் சரிதான் அண்ணே. ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் பத்தில் ஒரு பங்கு அன்றன்றைய சக்கை, தவிடு கொடுத்தால் எடை குறைவதில்லை. மக்காச்சோளமும் சோயாவும் இறக்குமதி, ரிங்கிட் இறங்கினால் மூட்டை விலை ஏறும். கொஞ்சமாவது சொந்தத் தீனி வேண்டும். கருப்புப் படைவீரன் ஈயின் புழு வளர்க்கலாம், அதில் புரதம் நிறைய.

உமித்தரை
பத்தில் ஒரு பங்கு, ஆறு வாரத்துக்குப் பிறகு, உப்பில்லாதது. இதற்கு நானும் சரி சொல்கிறேன். முதல் நாலு வாரம் மட்டும் ஒரு கைப்பிடிகூடக் கலக்காதீர்கள்.

அளவு சொல்கிறேன் மலர். 20 விழுக்காட்டுக்கு மேல் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் நாலு வாரத்துக்கு, 100 குஞ்சுக்கு 80 கிலோ. பிறகு 16 முதல் 18 விழுக்காட்டு வளர்தீவனம். முதல் வாரம் ஒரு குஞ்சு நாளுக்கு 12 கிராம் தின்னும், நாலாவது வாரம் 45, ஏழாவது 70, பதினொன்றாவது 95. கூட்டினால் 4.5 கிலோ, சிந்துவதையும் சேர்த்து 4.8. தொட்டியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரப்பினால் அலகால் வாரி இறைக்கும். தொட்டி விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை உயர்த்துங்கள். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைத்த மூட்டையில் கண்ணுக்குத் தெரியாமலே பூசண நஞ்சு ஏறும்.

பிறை_வரவுசெலவு
இப்போது கணக்கு. விலைகள் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் கேட்டு மாற்றிப் போடுங்கள். குஞ்சு 105, தலா 3 வெள்ளி: 315. தீவனம் 480 கிலோ, கிலோ 2.50: 1,200. தடுப்பூசி, மருந்து 60. உமி 40. மின்சாரம், தண்ணீர் 50. ஆக 1,665.

விற்க நிற்பது 95 என்று வைப்போம், தலா 1.6 கிலோ, மொத்தம் 152 கிலோ. மொத்த வியாபாரி உயிர்க்கோழி கிலோ 12க்கு எடுத்தால் வரவு 1,824. மிச்சம் 159 வெள்ளி, உங்கள் 80 நாள் உழைப்புக்கும் கொட்டகைக்கும் சேர்த்து. அதே கோழியை வீட்டுக்காரர்களுக்கு நேரே 15க்குக் கொடுத்தால் 2,280, மிச்சம் 615. பார்த்தீர்களா, வளர்ப்பில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் இந்த 456 வெள்ளி வராது. அதனால் குஞ்சு பதியும் முன் வாங்குபவர் பட்டியலை எழுதுங்கள். 40 வீடாவது சேரவில்லை என்றால் 100 குஞ்சும் அதிகம்.

வேலையை விடுவதைப் பற்றி: 100 கோழி உங்களுக்குச் சம்பளம் தராது. நேரடி விற்பனையில் மாதம் 300 கோழி போகும் நிலை வந்த பிறகு யோசியுங்கள்.

பாக்காப்_மலர்
இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு வேலையை இப்போதைக்கு விடவில்லை அண்ணே. சுத்தம் செய்து, வெட்டிக் கொடுத்தால் கூடுதல் விலை கிடைக்காதா?

பிறை_வரவுசெலவு
கிடைக்கும், ஆனால் எடை குறைவதை மறக்காதீர்கள். தலை, கால், குடல் நீக்கினால் 100க்கு 71 நிற்கும். உயிர்க்கோழி கிலோ 12 என்றால், வெட்டியது 16.90க்கு விற்றால்தான் அதே காசு. அறுப்புக் கூலி தலா 2.50 என்றால் கிலோவுக்கு இன்னும் 2.20 ஏறும். அதாவது 19க்குக் கீழே வெட்டி விற்பது நட்டம். இதுவே உயிரோடு 15க்குக் கொடுக்க முடிகிறவர் வெட்டியதை 23க்கு மேல் விற்க வேண்டும்.

முஸ்லிம் வாடிக்கையாளர் இருந்தால் உரிமம் பெற்ற அறுப்புக் கடையில் முஸ்லிம் ஒருவர் அறுக்க வேண்டும். இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் சான்றிதழ் இல்லாமல் பையில் ஹலால் என்று ஒட்டாதீர்கள். உயிரோடு கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் வாங்குபவர் பக்கம் போய்விடும்.

ஜாவி_கொட்டகை
விற்பனை நாள் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. குஞ்சு எப்போது கிடைக்கிறதோ அப்போது எடுக்காதீர்கள், விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புரட்டாசியில் நம் ஆட்கள் பாதிப்பேர் கறி தொடமாட்டார்கள். அந்த மாதத்தில் முடியும் தொகுதி கொட்டகையிலேயே நின்று தின்னும். 12ஆவது வாரத்தில் 95 கோழி 66.5 கிலோ தீவனம் தின்னும், 166 வெள்ளி. ஏறும் எடை 10 கிலோ, 12 வெள்ளி விலையில் 120. ஒரு வாரம் வைத்ததற்கு 46 வெள்ளி கையிலிருந்து போகிறது. அதற்கடுத்த வாரம் இன்னும் கூடுதல்.

2026 தீபாவளி நவம்பர் 8. ஆகஸ்ட் 15 வாக்கில் குஞ்சு இறக்கினால் புரட்டாசி முழுக்க வளரும் பருவம், அக்டோபர் 31இல் 77 நாள். அந்த வாரத்திலேயே கொடுத்து முடித்துவிடலாம். பிறகு இரண்டு வாரம் கொட்டகையைக் காயப்போட்டு நவம்பர் 22இல் அடுத்தது, அது 2027 பிப்ரவரி 6 சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் சரியாக வரும். தைப்பூச விரதமும் அதற்குள் முடிந்திருக்கும். சீனக் குடும்பங்கள் கம்பத்துக் கோழியைப் படையலுக்கு முழுதாக, தலை கால் சேர்த்தே கேட்பார்கள், எடை இழப்பும் குறைவு.

ஆடியில் முனீஸ்வரர் கோயில் வேண்டுதலுக்குச் சேவல் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 75 நாள் கோழி உதவாது, கொண்டை நன்றாக எழும்பிய ஐந்தாறு மாதச் சேவல்தான் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் நல்ல நிறமான பத்துச் சேவலைத் தனியே பிரித்து வளர்க்கலாம். அதற்குமேல் வைத்தால் சண்டை போட்டுக் காயப்பட்டு விலை போகாது.

பாக்காப்_மலர்
ஆகஸ்ட் 15க்கே திட்டமிடுகிறேன் அண்ணே. தொகுதிக்கு நடுவே அந்த இரண்டு வாரம் என்ன செய்ய வேண்டும்? கழிவை எங்கே போடுவது?

மருந்துக்குடுவை
கடைசிக் கோழி போன அன்றே பழைய உமி முழுவதையும் அள்ளி வெளியே எடுங்கள், கொட்டகையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். குவித்துத் தார்ப்பாயால் மூடி, வாரம் ஒருமுறை புரட்டினால் உள்ளே சூடேறி மக்கும். ஆறேழு வாரத்தில் காய்கறி போடுபவர்களுக்கு மூட்டையாகக் கொடுக்கலாம். பச்சையாகப் போட்டால் செடி கருகும்.

தொட்டி, குவளைகளைச் சோப்பு போட்டு முதலில் தேய்த்துக் கழுவுங்கள், அதன் பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின்மேல் ஊற்றும் கிருமிநாசினி வேலை செய்யாது. தரை, வலை, பக்கச் சுவர் எல்லாம் இதே வரிசை. முழுதும் காய்ந்த பிறகு மண்தரையில் சுண்ணாம்பு தூவுங்கள். அப்புறம் 14 நாள் உள்ளே ஒரு கோழிகூட இருக்கக் கூடாது, பிரித்து வைத்த அந்தப் பத்துச் சேவலும் சேர்த்துத்தான். அவற்றுக்குத் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்க் குவளை. தினமும் முதலில் குஞ்சுகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாகத்தான் சேவல் பக்கம் போக வேண்டும். கொட்டகை வாசலில் அங்கேயே கழற்றி மாட்டும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி வையுங்கள்.